ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வரலாம் என்று இராக்கம்மா சொன்னபோது, பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயமே சிரித்தது. வாரம் முழுக்கக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்குகிறவளுக்கு லீவு நாளிலும் மலையா? அவளுக்கோ கூடையில்லாமல் ஒரு தரம் ஏறிப் பார்க்க வேண்டும். புருஷன் முருகையாவும் மகள் ரெங்கம்மாவும் கூட வர, ஓடைவரை போய் ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். பிள்ளைகூட மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய பாதைதான்.

பக்கத்து வீட்டுச் சிவஞானம் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தப் பக்கம் வேணாம் தங்கச்சி. பழைய கங்காணி ஒருத்தன் செத்தும் அங்க பெரட்டு எடுக்கிறான். பேரு சொல்லிக் கூப்புட்டா வாயத் தொறந்துறாதீங்க."

"உசுரோட இருக்கிற கங்காணிக்கே நான் பயப்படல. செத்தவனுக்கா பயப்படப் போறேன்?"

அவள் அப்படித்தான். முருகையா நேர்மாறு. விடியற்காலையில் வேலைக்கு முன் கங்காணி ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டில், அவன் பெயர் முடியுமுன்னே "வந்தேங்க" என்று குரல் வந்துவிடும். காய்ச்சலோடும் போய் நிற்பான். அந்தப் பணிவைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மூவரும் புறப்பட்டார்கள். ரெங்கம்மா முன்னால் குதித்துக்கொண்டு போனாள். பாதி தூரத்தில் பனிமூட்டம் இறங்கியது. பட்டப்பகலிலேயே பாதை இருண்டது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

நனைந்த கம்பளியின் வாடை வந்தது. பின்னாலேயே சுருட்டு வாடை.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ரெங்கசாமி."

"வந்தேங்க" என்றது ஒரு மரத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்.

"மாடத்தி."

"வந்தேங்க."

ஆள் ஒருவரும் இல்லை. ரெங்கம்மா ஓடிவந்து தாயின் சேலைக்குள் முகம் புதைத்தாள். இராக்கம்மா புருஷன் வாயைப் பொத்தக் கையை நீட்டினாள்.

"முருகையா."

"வந்தேங்க."

பழகிய வாய் முந்திக்கொண்டது.

அவன் பாதையை விட்டு இறங்கி, மரங்களுக்குள் நடக்கத் தொடங்கினான். முகத்தில் பயமே இல்லை. பெரட்டில் நிற்கும்போது எப்படித் தலை குனிந்திருக்குமோ அப்படியே குனிந்திருந்தது. இராக்கம்மா அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். அவளையும் இழுத்துக்கொண்டு போனான்.

"ஏங்க, நில்லுங்க!"

நிற்கவில்லை. பயம் போய் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமடா! வெள்ளக்காரன் போயிட்டான், நீயும் செத்துட்ட, இன்னுமா எங்கள வேல வாங்குற? தர மாட்டேன்! ஒனக்கு நான் இவரத் தர மாட்டேன்!"

காடு அசையவில்லை. அவனும் நிற்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாத பெயரை அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"முருகையா!"

அவன் நின்றான்.

இருவரையும் இழுத்துக்கொண்டு லயம் வந்து சேர்ந்த பிறகுதான் அவள் மூச்சு விட்டாள். செத்தவனிடமிருந்து புருஷனைப் பிடுங்கி வந்த கர்வம் அவளுக்கு இருக்கத்தான் செய்தது. முருகையா கொடுத்ததைச் சாப்பிட்டான், படுத்தான். பேசவில்லை. பயந்துவிட்டான், சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

மறுநாள் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டார்.

"முருகையா."

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"வந்தேங்க."

பதில் மேலே, காட்டுக்குள்ளிருந்து வந்தது. அவன் குரலேதான். கங்காணியின் முகம் வெளுத்தது. நின்றவர்கள் எல்லோரும் பின்வாங்கினார்கள். இராக்கம்மா மட்டும் நகராமல் புருஷன் கையை இறுகப் பிடித்தாள். அது ஓடைக்கல் மாதிரி சில்லிட்டிருந்தது.

"அவரு இங்க நிக்கிறாரு!" என்று மலையைப் பார்த்துக் கத்தினாள். "எம் பக்கத்துல நிக்கிறாரு!"

பிறகு அதே குரல், வீட்டில் அவளிடம் மட்டும் பேசும் அந்தத் தணிந்த குரல், மெதுவாக இறங்கி வந்தது.

"இராக்கம்மா... ஒம் பக்கத்துல நிக்கிறது யாரு?"

அவள் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை. பிடித்த கையை விடவுமில்லை.

அந்தக் கை அவள் கையைத் திருப்பி இறுக்கியது.