சுகந்தினி இந்த வீட்டில் இல்லை

சுகந்தினியின் வீட்டில் திருடு போயிருந்தது. டி.வி. போகவில்லை. மிக்ஸி போகவில்லை. பித்தளைக் குத்துவிளக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. போனதெல்லாம் அவளுடைய சேலைகள், நைட்டிகள், சீப்பு, பல் துலக்கும் பிரஷ், ரப்பர் செருப்பு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த உள்பாவாடை. கண்ணாடியின் ஓரத்தில் அவள் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளைக்கூட யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். சொல்லுங்கள், எந்த ஊர்த் திருடன் பழைய பொட்டைத் தேடி வருவான்?

காலை எட்டேமுக்கால். மும்பை தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது அந்த ஒற்றை அறை வீடு. சுகந்தினி கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை பார்ப்பவள். விடியுமுன் போய்விட்டு, அன்றைக்கு மட்டும் பாதி நாள் லீவு சொல்லி ஓடி வந்திருந்தாள். ஒன்பது மணிக்குப் போலீஸ் வருகிறது. திருட்டை விசாரிக்க அல்ல. அவள் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறாளா என்று பார்க்க வருகிறது.

சுகந்தினிக்குச் சொந்த ஊர் இலங்கையில் மன்னார். தோஹாவில் வேலை பார்த்தபோது, அங்கே வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தாராவித் தமிழன் ராஜபாண்டியைக் கட்டிக்கொண்டாள். முறையாக விசா வாங்கி, முறையாக விமானத்தில் வந்து இறங்கினாள். ஒன்பது வருடம் ஆயிற்று. வருடா வருடம் வெளிநாட்டவர் ஆபீசில் புருஷனோடு போய் நிற்க வேண்டும். அவன் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் இங்கே இருக்கலாம். அந்தப் பிழைப்பு போதும் என்று, நிரந்தரமாக இங்கேயே இருக்கக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தாள். போலீஸ் ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கி. அதில் ‘இங்கே குடியிருக்கவில்லை’ என்று விழுந்தால் மனு குப்பைக்குப் போகும்.

சரியாக ஒன்பதுக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஷாலினி வந்தாள். அதே மும்பையில், மான்குர்த்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வாசலில் நின்றபடியே உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தாள். ஆணியில் ஆண் சட்டைகள். ஒரே ஒரு பிரஷ். சவரக் கத்தி. ஒண்டிக்கட்டை ஆண்பிள்ளையின் அறை.

“நீங்க இங்கதான் இருக்கீங்களா?”

“ஓம் மேடம். ஒன்பது வருஷமா.”

“உங்க பொருள் எங்க?”

“களவு போயிட்டுது.”

“எப்போ?”

“இண்டைக்குக் காலமை. அஞ்சரைக்கு நான் வேலைக்குப் போகேக்க எல்லாம் இருந்தது.”

“நான் வர்ற அன்னைக்குப் பார்த்தா?”

ஷாலினி இந்த மாதிரி எத்தனையோ பார்த்தவள். காட்டுவதற்கு ஒரு விலாசம், இருப்பதற்கு வேறு விலாசம். துணிமணி எங்கே என்று கேட்டால் லாண்டரி என்பார்கள், அம்மா வீடு என்பார்கள். திருட்டு என்று சொன்னவள் இவள்தான் முதல்.

சுகந்தினி அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

“நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறியள். நினையுங்கோ. ஆனா ரிப்போர்ட் எழுத முன்னம் இந்தக் களவைக் கண்டுபிடியுங்கோ. அதுவும் உங்கட வேலைதானே?”

ஷாலினிக்குச் சுருக்கென்றது. கூடவே கொஞ்சம் பிடித்தும் இருந்தது. கையிலிருந்த ஃபைலை டி.வி. மேல் வைத்தாள்.

பூட்டு உடைக்கப்படவில்லை. ஒரு சாவி சுகந்தினியிடம், ஒன்று ராஜபாண்டியிடம். மூன்றாவது, வாசலில் மீட்டர் பெட்டிக்கு மேலே. அது அங்கே இருப்பது சந்துக்கே தெரியும். ஷாலினி ஸ்டூலில் ஏறிப் பரணில் துழாவினாள், தூசிதான் மிச்சம். இறங்கியதும் சுகந்தினி மூலையில் இருந்த மோரிக்கு அவளைக் கூட்டிப்போனாள். குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் எல்லாம் அந்த மோரியில்தான். நீல டிரம்மின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, விளிம்பு வரை நின்ற தண்ணீரில் ஒரு மக் மொண்டு ஊற்றினாள். ஷாலினி கை கழுவிக்கொண்டாள்.

“உங்களுக்கு இங்க ஆகாதவங்க யாரு?”

சுகந்தினி பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. எதிர் வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“என்னைத்தான் சொல்லுவா! சொல்லட்டும்!”

சண்முகவடிவு. ராஜபாண்டியின் அக்கா. தன் புருஷனின் தங்கை மகளைத் தம்பிக்குக் கட்டி வைக்க நினைத்திருந்தபோது, அவன் கடல் தாண்டி ஒருத்தியைக் கூட்டி வந்து நின்றதை இன்றுவரை மன்னிக்காதவள்.

“காலைல இந்த வீட்டுக்குள்ள யாராவது போனதைப் பார்த்தீங்களா?” என்று ஷாலினி கேட்டாள்.

“தண்ணி வார நேரத்துல நான் என் குடத்தைப் பார்ப்பேனா, இவ வாசலைப் பார்ப்பேனா?”

“உங்களுக்கு இவங்களைப் பிடிக்காதாமே?”

“பிடிக்காது. அதுக்கு?”

“மேல இருக்கிற சாவியை எடுத்து, பொருளையெல்லாம் அள்ளி ஒளிச்சு வச்சுட்டா, இவங்க மனு போயிடும்.”

“ஏ ஆத்தா! இவ உள்பாவாடையை அள்ளிக்கிட்டு நான் என்ன செய்ய? இவ வீட்டு நடையை நான் மிதிச்சதே இல்ல. ஒரு நாளு, ஒரு பொழுது, ஒரு குடம் தண்ணி பிடிச்சு வச்சது கெடையாது. அதெல்லாம் அந்தா, அடுத்த வீட்டு சைனப் பாக்குற வேலை.” சண்முகவடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்துக்குள்ளேயே இறங்கி வந்தாள். “இவ இங்க இருக்காளான்னா கேக்கீங்க? ஒம்பது வருசமா தெனமும் இவகூட சண்டை போடுதேன். இல்லாதவகூட எவளாவது சண்டை போடுவாளா? எனக்கென்ன பைத்தியமா?”

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஷாலினியும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஒன்று தெளிவாயிற்று: சுகந்தினி இங்கேதான் இருக்கிறாள். அப்படியானால் திருட்டும் உண்மை. இப்படியெல்லாம் எடுக்கத் தெரிந்தவர், போலீஸ் எதையெல்லாம் பார்க்கும் என்று உட்கார்ந்து யோசித்தவர்.

ஒன்பதரைக்கு ராஜபாண்டி வந்தான். சுகந்தினி போன் செய்திருந்தாள். டெம்போவை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்தவன், அறையைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

“எந்தப் பாவி மேடம் இப்பிடிச் செஞ்சது?”

“நீங்க எத்தனை மணிக்குப் போனீங்க?”

“அஞ்சுக்கு. இவளுக்கு முந்தியே போயிட்டேன்.”

“எங்க?”

“குர்லா. லோடு இறக்கணும். அங்கனதான் இருந்தேன்.”

“நடுவுல வீட்டுக்கு வரலை?”

“வரலை மேடம்.”

பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, “விடு சுகந்தி. இந்தத் தடவை இல்லைன்னா போவுது. நான் இருக்கேன்லா? வழக்கம்போல வந்து கையெழுத்துப் போடுதேன்” என்றான்.

“எனக்கு உங்கட கையெழுத்து வேண்டாம்” என்றாள் அவள். வெடுக்கென்றுதான் சொன்னாள். கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர், புருஷனிடம் பேசுகிற பேச்சா இது என்று முகம் சுளித்தார்கள். சுளித்துக்கொள்ளட்டும். வருடா வருடம் அந்த ஆபீசில் நின்றவர்கள் அவர்கள் இல்லை.

ஷாலினி ஃபைலை எடுத்தாள். சாவி எல்லாருக்கும் தெரிந்த இடத்தில்; தண்ணீர் வரும் நேரத்துக் கூட்டத்தில் யார் உள்ளே போனார் என்று பார்த்தவர் இல்லை. சந்தேகம் அக்காள் மேல்தான் போகிறது, ஆனால் அந்த வாய்க்கு ஒளித்துச் செய்யும் வேலை பொருந்தவில்லை. இப்படி யோசித்துக்கொண்டு அவள் படி இறங்கும்போதுதான் சைனப் வந்தாள். தோளில் மகள் சாயிமா காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

“சுகந்தி அக்கா, கோவிச்சுக்காதிய” என்று மூச்சு வாங்கச் சொன்னாள் சைனப். “பிள்ளைக்கு விடியக்காலமே காய்ச்சல். ஆறு மணிக்கு முன்னாடியே டாக்டர்ட்டத் தூக்கிட்டு ஓடிட்டேன். இன்னைக்கு உங்க டிரம்முல தண்ணி புடிச்சு வைக்க முடியல. பகலுக்கு என்ன செய்யப் போறீயளோ!”

ஷாலினி படியிலேயே நின்றாள்.

“தினமும் நீங்கதான் பிடிச்சு வைப்பீங்களா?”

“ஆமா மேடம். அக்கா வேலைக்குப் போயிரும்லா. மேல உள்ள சாவியை எடுத்துத் தொறந்து, எங்க வாசல்ல கெடக்குற குழாயை இழுத்துப் போட்டுப் புடிச்சு வைப்பேன்.”

“இன்னைக்குப் பிடிக்கலை?”

“இல்லையே.”

ஷாலினி சுகந்தினியைப் பார்த்தாள். “நீங்க காலைல போகும்போது டிரம்முல தண்ணி இருந்ததா?”

“ஒரு சொட்டும் இல்லை. நீங்கள் வருறியள் எண்டு நேற்று வீடு முழுக்கக் கழுவினனான். டிரம்மையும் கழுவிக் கவிட்டு வச்சனான்.” சொல்லிக்கொண்டே வந்த சுகந்தினி நிறுத்தினாள். அவள் கண் மோரிக்குப் போயிற்று.

ஷாலினி உள்ளே போய் டிரம்மின் துணியை விலக்கினாள். தண்ணீர் விளிம்பு வரை நின்றது.

“தண்ணி எத்தனை மணிக்கு வரும்?”

“ஆறுலேருந்து ஏழரை வரைக்கும்” என்றது சந்து முழுவதும்.

“அப்போ ஆறுக்கும் ஏழரைக்கும் நடுவுல ஒருத்தர் இந்த வீட்டுக்குள்ள இருந்து டிரம்மை நிறைச்சிருக்காங்க. சைனப் இல்லை. இந்த அக்கா இல்லை. சுகந்தினி ஹோட்டல்ல. உதவிக்குப் பிடிச்சவங்கன்னா ‘நான்தான் பிடிச்சேன்’னு இந்நேரம் சொல்லியிருப்பாங்க. அதுல மறைக்க என்ன இருக்கு? மறைக்கிறாங்கன்னா, திருடினவங்கதான் பிடிச்சிருக்காங்க.”

“திருட வந்தவ எதுக்குத் தண்ணி பிடிக்கா?” என்றாள் சண்முகவடிவு.

“அதைத்தான் நானும் கேட்கிறேன். வெளியாள் பிடிக்க மாட்டான், அவனுக்கு என்ன வந்தது? நீங்க பிடிக்க மாட்டீங்க, உங்க வீட்டுல தனி டிரம் இருக்கு. நான் மான்குர்த்துல குழாயடியில வளர்ந்தவ. தண்ணி வர்ற சத்தம் கேட்டு, வீட்டுல டிரம் காலியா இருந்தா, கை சும்மா இருக்காது. ஆனா அது நம்ம வீட்டு டிரம்மா இருக்கணும். இந்தத் திருடன் பொட்டைச் சுரண்டிட்டு, சேலையை அள்ளிட்டு, சைனப் வரலைன்னு தெரிஞ்சதும் தண்ணியைப் பிடிச்சு, துணியும் கட்டி வச்சுட்டுப் போயிருக்கான். ஏன்னா சாயங்காலம் அவன் இங்க வந்துதான் குளிக்கணும்.” ஷாலினி திரும்பினாள். “உங்க டெம்போவைத் திறங்க, ராஜபாண்டி.”

ராஜபாண்டி எழுந்திருக்கவில்லை. சாவியை மட்டும் எடுத்து நீட்டினான்.

டெம்போவில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு சாக்கு இருந்தது. சேலைகளை அவன் மடித்து வைத்திருந்தான். பொட்டுகள் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஒட்டியிருந்தன. ஷாலினி சாக்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்தபோது சண்முகவடிவு அதற்குள் கையை விட்டு ஒரு சேலையை இழுத்துப் பார்த்தாள். பிறகு, “ஏலே, நாசமாப் போறவனே!” என்று அலறினாள்.

“தூரப் போட மனசு வரலை மேடம்” என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு. “நீங்க போனதும் கெடைச்சிருச்சுன்னு எடுத்து வச்சிருப்பேன்.”

“ஏன் செஞ்சீங்க?”

“அந்த பேப்பர் வந்துட்டா இவளுக்கு நான் எதுக்கு? பிள்ளையும் இல்ல. வருசத்துக்கு ஒரு தடவை அந்த ஆபீசுல என் பக்கத்துல வந்து நிப்பா. அன்னைக்காவது நான் வேணும். அதுவும் இல்லைன்னா விட்டுட்டுப் போயிருவா மேடம்.” அவன் நடிக்கவில்லை, உண்மையாகவே பயந்து போயிருந்தான்.

சுகந்தினிக்கு முகம் சிவந்தது. வலித்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“போறதுக்கு எனக்கு என்னத்துக்குப் பேப்பர்? பாஸ்போர்ட் என்ர பெட்டிக்குள்ள ஒன்பது வருஷமாக் கிடக்குது. போறதெண்டா எப்பவோ போயிருப்பன். இருக்கிறதுக்குத்தான் இந்தப் பேப்பர். சண்டை வரேக்க எல்லாம் ‘கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்குப் போ’ எண்டு சொன்னது ஆர்? நீங்கள் சொன்னியள். நான் அடுப்புப் பக்கம் போய் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். என்ர வீட்டில நான் வாயைத் திறக்கிறதுக்குத்தான் மனுப் போட்டனான்.”

ஷாலினி மெதுவாகச் சொன்னாள்: “கேஸ் எழுதலாம். ஆனா ஒண்ணு. உங்க மனு கல்யாணத்தை வச்சுத்தான். புருஷனே இப்படிச் செஞ்சாருன்னு எழுதினா மேலே கேள்வி கேட்பாங்க, இழுத்தடிப்பாங்க. பொருள் கிடைச்சிடுச்சுன்னு விட்டுட்டா ரிப்போர்ட் இன்னைக்கே சுத்தமாப் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க.”

ராஜபாண்டி நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு நம்பிக்கை இருந்தது.

“நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்கோ மேடம்” என்றாள் சுகந்தினி. “கேள்வி கேட்டா நானே போய்ப் பதில் சொல்லுறன். மறைச்சு வாங்கினா பிறகு இவருக்கும் பயந்து, மறைச்சதுக்கும் பயந்து இருக்கோணும்.”

“சாட்சிக்கு அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் வேணும்.”

சைனப் தலையசைத்தாள். சண்முகவடிவு அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். “எங்க போடணும் கையெழுத்து? என் தம்பிதான் செஞ்சான்னும் எழுதிக்கோங்க. இவ மேல எனக்குள்ள கோவம் அப்பிடியே இருக்கு, அது வேற.”

“மச்சாள், உங்கட கோவம் உங்களோடயே இருக்கட்டும்” என்றாள் சுகந்தினி.

ராஜபாண்டி எழுந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகப் பார்த்தான். சுகந்தினி குறுக்கே வந்து வாசலை மறைத்து நின்று, சாக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். அவன் ஒரு படி கீழே இறங்கி நின்றான்.

ஷாலினி சுவரில் ஃபைலை வைத்து எழுதினாள். எழுதியதை வாசித்தாள்.

“மனுதாரர் தன் கணவருடன் இந்த விலாசத்தில் குடியிருக்கிறார். சரியா?”

“பாதி சரி மேடம்” என்றாள் சுகந்தினி, வாசலை விட்டு நகராமல். “நான் இங்கதான் இருக்கிறன். இவர் இங்க இருக்கிறாரா எண்டு இனி நான்தான் விசாரிச்சுச் சொல்லோணும்.”