சாய்மா வைத்த சலாம்

தூக்கம் கலைந்த ஆறு மாதக் குழந்தை சாய்மாவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்ததும், அவள் எதிரே யாருமில்லாத சுவரைப் பார்த்துச் சட்டென்று தலை குனிந்து, இரு கைகளையும் மார்போடு மடக்கி, சலாம் வைத்தாள்.

"தோ பார்றா, என் செல்லம் சலாம் வைக்குது!" என்று அப்பா உபைத் செல்போனில் வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினான். இதயங்கள் வந்து குவிந்தன.

அவன் மனைவி நாஸியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மீர்சாகிப்பேட்டையின் அந்த மாடி வீட்டில், வெயில் தாழ்ந்த நேரத்தில், கீழே பிரியாணிக் கடையில் வெங்காயம் வதங்கும் வாசனையும் மின்விசிறியின் கிரீச்சும் வழக்கம்போலத்தான் இருந்தன. ஆனால் குழந்தை மறுபடி குனிந்தாள், நிமிர்ந்தாள், சொட்டும் குழாயைப் போலக் கணக்குத் தவறாமல் மீண்டும் குனிந்தாள். பதினேழு முறை. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு வீறிடல். அப்புறம் முகத்தில் ஒன்றுமே இல்லை. அம்மாவைக்கூட அடையாளம் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். இப்பவே" என்றாள்.

"இன்னாத்துக்கு? வியாதின்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?"

"முதல்ல அவ நல்லா இருக்கணும். நீங்க வராட்டி நான் போறேன்."

ஆட்டோவில் அவனும் ஏறிக்கொண்டான்.

அடையாறு ஆஸ்பத்திரியில் டாக்டர் சரோஜாதேவி அந்த வீடியோவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இது வலிப்பும்மா. கொழந்தை சட்டையைக் கழட்டுங்க." ஜன்னலைச் சாத்தினார். விளக்கை அணைத்தார். இருட்டில் டெட்டால் நெடி. கையளவு ஊதா விளக்கொன்று எரிந்தது.

சாய்மாவின் முதுகில் இலை வடிவில் மூன்று வெள்ளைத் திட்டுகள் ஒளிர்ந்தன. நாஸியா தினமும் எண்ணெய் தேய்க்கும் முதுகு. பகல் வெளிச்சத்தில் அவை கண்ணில் பட்டதே இல்லை.

"தோலுல இருக்கிறது மூளையிலயும் இருக்கும். அதான் வலிப்பு. மருந்து இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம். பரம்பரையாவும் வரும், உங்க ரெண்டு பேரையும் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

"எங்க வம்சத்துல இதெல்லாம் கெடையாது" என்றது இருட்டில் உபைத்தின் குரல். "இவ வூட்டுதா இருக்கும்."

நாஸியா துப்பட்டாவை விலக்கினாள். "முதல்ல என்னைப் பாருங்க டாக்டர்."

ஊதா ஒளி கைகளில், கழுத்தில், முதுகில் ஊர்ந்தது. எதுவும் இல்லை.

"இப்ப நீங்க வாங்க" என்றாள் கணவனிடம்.

அவன் பின்வாங்கினான். சுவர் இடித்தது. ஒரு கையில் குழந்தையை இறுக்கிக்கொண்டு, மறு கையால் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, சட்டையை அவளே மேலே தூக்கினாள்.

இடுப்பில் ஓர் இலை.

அதன் மேல் இன்னொன்று.

"வெளக்கை அணைங்க டாக்டர்." உபைத்தின் குரல் உடைந்தது.

"அணைக்காதீங்க" என்றாள் நாஸியா. "நான் முழுசாப் பார்க்கணும்."

விளக்கு மேலே ஏறியது. தோள்பட்டை. பிடரி. முடிக்குள்ளும். அவன் மூச்சு வாங்க வாங்க, முதுகு முழுக்க வெள்ளை இலைகள் அசைந்தன.