இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே

யாருமே அசையாத அறைக்கு எதற்கு இருபத்தைந்து ஃப்ரேம்?

கடையில் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். வெளியே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது, மேஜையெல்லாம் சூடான ஈயத்தின் வாசம். ஊரார் வீட்டு கேமராக்களைப் பழுது பார்ப்பவள், இன்று தன் வீட்டில் ஓடும் ரெக்கார்டரையே இன்டர்நெட் வழியாகக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாகக் கணவன் நச்சரித்து எடுத்துவிட்டான்.

“ஊரெல்லாம் ரிப்பேர் பண்ற, நம்ம கேட் கேமரா மட்டும் நொண்டுது,” என்றான் போனில். “கூரியர்காரன் கேட்ல நிக்கிறான், பார்த்தா அடுத்ததா வாசப்படியில நிக்கிறான். நடுவுல என்ன பறந்தா வந்தான்?”

“பழைய மிஷினுங்க. நொடிக்கு முப்பது ஃப்ரேம், முப்பது படந்தான் அதால எடுக்க முடியும். அதை நாலு கேமராவும் பங்கு போட்டுக்கணும். எங்க அசைவு இருக்கோ அங்க நிறைய கொடுக்கும், சும்மா கிடக்கிற ரூமுக்கு ஒண்ணே ஒண்ணு.”

அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் கேட்டுக்கும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் போனது பிச்சைக் காசு மாதிரி ஒன்றிரண்டு. மீதி இருபத்தைந்தையும் படுக்கையறை வாரிச் சுருட்டிக்கொண்டிருந்தது. அங்கே தொட்டில் கட்டிலில் பாப்பா தூங்குகிறாள், அவ்வளவுதான்.

அசைவைக் காட்டும் சிவப்புக் கட்டங்களைத் திரையில் வரவழைத்தாள். பாப்பாவின் போர்வை மேல் ஒரே ஒரு கட்டம், மூச்சு ஏறும்போது எரிந்து, இறங்கும்போது அணைந்தது. பார்க்கவே செல்லமாக இருந்தது. அலமாரி மூலையிலோ கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓர் ஆள் உயரத்துக்கு எரிந்தன. அணையவே இல்லை. படத்தில் அந்த இடத்தில் அலமாரியின் நிழலைத் தவிர ஒன்றும் கிடையாது.

“லென்ஸ்ல ஒட்டடை இருக்கும், கொஞ்சம் துடைச்சு விடுங்க,” என்றாள். வாடிக்கையாளர்களிடம் தினமும் சொல்கிற பதில்தான்.

ஸ்டூலும் துணியுமாக அவன் அறைக்குள் வந்தான். துடைத்தான். மூக்கைச் சுளித்தான். “எலி ஏதாவது செத்துக் கிடக்கா? ஒரே நாத்தம்.” கட்டங்கள் அப்படியே எரிந்தன. “ஆராய்ச்சியெல்லாம் அப்புறம் வச்சுக்கோ. எல்லாத்துக்கும் சரிசமமா பிரிச்சு விடு. போனை வச்சுட்டு நான் கேட்ல போய் நிக்கிறேன், சரியா தெரியுதான்னு பாரு.”

அதுவும் சரிதான் என்று பட்டது. ஆளுக்கு ஏழு என்று பிரித்துவிட்டாள்.

கேட் துல்லியமாக வந்தது. அவன் கேமராவைப் பார்த்துக் கையாட்டினான், ஒரு குத்தாட்டமும் போட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் படுக்கையறைப் படத்தைப் பார்த்தாள்.

அலமாரியின் நிழல் அலமாரியை விட்டு ஓரடி முன்னால் நின்றது.

கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். அடுத்த ஃப்ரேமில் இன்னும் கொஞ்சம் முன்னால். எந்தப் படத்திலும் அது நகரவில்லை. ஒவ்வொரு படத்திலும் அசையாமல்தான் நின்றது. நகர்ந்து முடித்துவிட்டு நின்றது.

பழைய பதிவை ஓட்டினாள். ஒரு வாரத்துப் பதிவு. அலமாரிக் கதவு இடுக்கிலிருந்து ஒரு வாரத்தில் அது வந்திருந்தது ஒரு சாண். இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே இருக்கும் இருட்டில்தான் அதற்கு நடை. இருபத்தைந்து ஃப்ரேமை அள்ளிக் கொட்டி, காலைத் தூக்க இடைவெளியே கொடுக்காமல் அந்த ஓட்டை மிஷின் அதைக் கட்டிப் போட்டிருந்தது. கட்டை அவிழ்த்துவிட்டது யார்? பெற்றவள்.

போன் அடித்தாள். கூடத்து மேஜையில் அவன் போன் வெளிச்சமடித்து அதிர்வது திரையில் தெரிந்தது. கேட்டில் அவன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

அடுப்படிக்குப் பூஜ்யம் போட்டாள். படுக்கையறைப் படம் ஒரு விநாடி உறைந்து திரும்பியது. அந்த ஒரு விநாடியில் அது பாதி அறையைக் கடந்திருந்தது. ஐயோ. கூடத்துக்குப் பூஜ்யம். உறைந்தது. கட்டிலின் கால்மாட்டில். கை மவுஸை விட்டு விலகியது. விட்டாலும் வரும், தொட்டாலும் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டை அணைத்தாள், இருபத்தைந்தைப் படுக்கையறைக்குக் கொடுத்தாள்.

நின்றது.

தொட்டில் கட்டிலுக்கு மேல் குனிந்தபடி. முகம் என்று ஒன்று இருக்க வேண்டிய இடம், பாப்பாவின் முகத்துக்கு ஒரு விரல் தூரத்தில். போர்வைக் கட்டம் எரிந்தது, அணைந்தது. எரிந்தது. உயிர் இருக்கிறது. நில்லு. அப்படியே நில்லு.

போன் மணி அடித்தது. அவன்தான்.

“உள்ள வந்து டிவியில பாத்தேன், கேட் மொத்தமா போச்சு! என்ன பண்ணித் தொலைச்ச?”

“பாப்பாவைத் தூக்குங்க! ஓடுங்க, தூக்கிட்டு வெளிய வாங்க!”

“தூங்குற பிள்ளைய எழுப்பி விட்டா யாரு தாலாட்டுறது, நீயா? இரு, உன் வைத்தியத்தையே நானும் பண்றேன். மிஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் சரியாயிடும்.”

“வேண்டாங்க! சுவிட்சைத் தொடாதீங்க, உங்க கால்ல விழறேன்...”

சுவிட்ச் சத்தம் போனில் கேட்டது. மிச்சமிருந்த ஒரே படமும் கறுத்தது.

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“சும்மா கத்தாத,” என்றான். “இதோ, உயிர் வந்துடுச்சு பாரு.”

சேமிக்காததெல்லாம் அழிந்து, ரெக்கார்டர் தன் பழைய கணக்குக்கே திரும்பியிருந்தது. அசைகிற இடத்துக்கு நிறைய. அசையாத இடத்துக்கு ஒன்று.

படுக்கையறைக்கு ஒன்று.

அலமாரி மூலையில் கட்டம் இல்லை. கட்டிலருகே இல்லை. போர்வை மேலும் இல்லை. அவள் காத்திருந்தாள். போர்வைக் கட்டம் எரியவில்லை.

கூடத்தில் இருபத்தைந்து. போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். அவன் முதுகை ஒட்டி, ஆள் உயரத்துக்கு, கட்டங்கள் சிவப்பாக எரிந்தன.

“இப்ப எல்லாம் சரியா ஓடுதா?” என்று கேட்டான். “இல்ல, இன்னொரு தடவை ஆஃப் பண்ணவா?”