பின்முனையில் ஒரு பாரம்

கடலில் அவன் நின்றிருந்த பாய்மரப் பலகையின் பின்முனை திடீரென்று அரைச் சாண் தாழ்ந்தது.

உதயசூரியன் முழங்காலை மடக்கிச் சமாளித்துக்கொண்டான். அலை எதுவும் அடிக்கவில்லை. தாழ்ந்த முனை திரும்ப எழும்பவும் இல்லை. படகில் ஆள் ஏறினால் எப்படித் தாழுமோ அப்படி. ஃபீனிக்ஸ் பே படகுத் துறையில் எட்டு வருஷமாகப் படகு கட்டுகிறவனுக்கு அந்தப் பாரம் தெரியாதா?

கப்பல்காரன் ஒருவன் போட்டுவிட்டுப் போன வெளிநாட்டுப் பத்திரிகையில், பலகைமேல் நின்று பாயைப் பிடித்துக் கடலில் பறக்கும் மனிதனின் படத்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. அதே மாதிரி ஒரு பலகையை ஆறு மாதம் இழைத்தான். பாய்மரம் எந்தப் பக்கமும் சாய்கிற மாதிரி லாரி டயர் ரப்பரில் மூட்டு வைத்தான். எழுபத்து நான்காம் வருஷத்துச் சித்திரையில் ஒரு ஞாயிறு பிற்பகல், டாலிகஞ்ச் வீட்டிலிருந்து அதைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத இந்தக் குடாவுக்கு மனைவியோடு வந்திருந்தான்.

"காத்து ஒரு நிலையா இல்லீங்க. நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றாள் ருக்கு.

"ஒரே ஒரு சக்கர், ஒரு சுத்து, அவ்வளவுதான். நீ சோத்தை எடுத்து வை, வந்துடறேன்."

காற்று கரையிலிருந்துதான் வீசியது. காய்ந்த இலையின் வாசனையையும் எங்கோ காடு எரிக்கும் புகையையும் அள்ளிக்கொண்டு முதுகில் மோதி, பாயை உப்பவைத்து, சட்டென்று ஓய்ந்து, அவன் மூச்சு விடுவதற்குள் மறுபடி இரண்டு மடங்காக அறைந்து, அவனைக் குடாவின் வாய்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அந்த வெந்த காற்றின் நடுவே, பிடரியில் மட்டும் ஏதோ சில்லென்று பட்டது. விட்டு விட்டு. ஒரே சீராக. பல நாள் தண்ணீரில் ஊறிய துணியின் நாற்றம்.

காற்று நின்றது. பாய் மட்டும் தளரவில்லை.

மேற்கு வெயில் முதுகில் விழ, அவன் நிழல் பாயில் கிடந்தது. அவன் தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை.

அடுத்த வீச்சில் ருக்குவின் குரல் மெலிசாக மிதந்து வந்தது.

"பின்னால யாருங்க நிக்கிறது?"

அவன் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. பாயைப் பிடிக்கும் மூங்கிலில் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவற்றுக்கு இரு பக்கமும் இரண்டு கைகள் மெல்ல வந்து பற்றின. ஈரம். வெளுப்பு. ஊறிச் சுருங்கிய தோல். இடது கட்டைவிரலில் உளி கிழித்த தழும்பு.

அவன் கட்டைவிரலில் இருப்பதும் அதே தழும்புதான்.

பிடியை விட்டான். விழுந்தான். காதெல்லாம் தண்ணீர்.

மேலே வந்து கண்ணைத் துடைத்தபோது பலகை நூறடி தள்ளிப் போயிருந்தது. கரையைப் பார்த்து. காற்றுக்கு நேர் எதிரே. எந்தப் படகும் அப்படிப் போகாது. பாய் விம்மியிருந்தது. அதைப் பிடித்தபடி அவனுடைய நீலக் கால்சட்டை, அவனுடைய கிழிந்த பனியன், அவனுடைய முதுகு.

"ருக்கு" என்று கத்தினான். காற்று அந்தச் சத்தத்தை அவன் வாய்க்குள்ளேயே திணித்தது. நீந்தினான். கை வலித்தது. கரை நெருங்கவில்லை. மறுபடி கத்தினான்.

அவள் பார்ப்பது பலகையை மட்டும்தான். முகத்தில் சிரிப்பு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால். தொடை. இடுப்பு.

அவள் பேசியது மட்டும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"பயந்தே போயிட்டேன். எங்க, கையக் குடுங்க."

பலகையில் நின்றது குனிந்தது. கையை நீட்டியது.

ருக்கு பிடித்துக்கொண்டாள்.