உம்கொட்டி

அன்று காலை சங்கரநயினார் பல் துலக்கி வாய் கொப்பளிப்பதற்குள், அக்கா பேசியதற்கெல்லாம் இருபத்தாறு முறை ‘ம்’ சொல்லி முடித்திருந்தார். அதில் ஒன்றைக்கூட அவர் தன் வாயால் சொல்லவில்லை. வாயில்தான் பற்பசை இருந்ததே.

செவ்வாயில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பூமியில் சொன்ன சொல் அங்கே வந்து சேர, கோள்கள் நிற்கும் நிலையைப் பொறுத்து மூன்று நிமிடமும் ஆகும், இருபத்திரண்டு நிமிடமும் ஆகும். நேருக்கு நேர் பேச வழியில்லை. ஆகவே பூமியில் இருப்பவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவார்கள், நடுநடுவே ‘ம்’ கொட்டுவதற்கு இடம் விட்டு. விடுபேச்சு என்று அதற்குப் பெயர். கேட்பவர் அந்தந்த இடத்தில் ‘ம்’ போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பேசியவர் தன் பேச்சையே, நடுவில் அடுத்தவரின் ‘ம்’களோடு, ஆற அமரக் கேட்டுக்கொள்வார். உட்கார்ந்து பேசியதுபோல இருக்கும். ஏமாற்றுதான். ஆனால் பல கோடி மைலுக்கு அப்பால் இதைவிட நல்ல ஏமாற்று கிடைக்காது.

கேட்பதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை. அதற்காக வந்த கருவி உம்கொட்டி. வைத்திருப்பவரின் குரலிலேயே நாற்பது விதமான ‘ம்’ சொல்லும். பேச்சு உயர்ந்தால் வியப்பான ‘ம்’, தாழ்ந்தால் இரக்கமான ‘ம்’. சங்கரநயினார் அதை வாங்கி ஏழு வருடமாகிறது. அக்கா கோமதி சங்கரன்கோவிலில் இருந்து வாரம் தவறாமல் பேசி அனுப்பினாள். உம்கொட்டி வாரம் தவறாமல் கேட்டது. இருவருக்கும் நல்ல உறவு.

அவரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஐம்பத்தெட்டு வயது. சொல் சரிபார்ப்பு அலுவலகத்தில் மூத்த அலுவலர். குடியேற்றத்தில் நாற்பது மொழிக்காரர்கள். எல்லோர் காதிலும் ஒரு செவிச்சில்லு, மொழிபெயர்த்துச் சொல்ல. அந்தச் சில்லில் ஏறும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் என்ன, பிறந்த இடம் எது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. நாள் முழுக்கச் சொற்களோடு மாரடித்துவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் இன்னொரு சொல் காதில் விழுந்தாலும் தலை வலித்தது.

இந்த நிலையில்தான் இயக்குநர் அனீஸா கூப்பிட்டனுப்பினார்.

“நயினார் சார், ‘ம்’மை எடுத்துடலாம்னு மேலிடத்துல சொல்றாங்க.”

“எங்கேர்ந்து மேடம்?”

“எல்லாத்துலேர்ந்தும். பூமிக்குப் போற அலைவரிசையில பாதிக்கு மேல இதுதான் போகுதாம். பொருளும் கிடையாது, பூர்வீகமும் கிடையாது. இருக்குன்னு நிரூபிச்சா விட்டுடறோம். ஆறு வாரம் டயம்.”

சங்கரநயினார் பயந்துபோனார். ‘ம்’ போய்விட்டால் அக்காவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாக்கியமாக. பதில் சொல்வதென்றால் முதலில் கேட்க வேண்டும்.

அந்தப் பயம் அவரை ஆறு வாரம் வேலை வாங்கியது. தெலுங்கர்கள் ‘ஊ’ கொட்டினார்கள். மலையாளிகளுக்கு அது மூளல். ஜப்பானியருக்கு ‘உன்’, கொரியருக்கு ‘உங்’, சீனருக்கு மூக்கோடு ஒரு ‘ங்’. சுவீடனின் வடக்கே சிலருக்குச் சொல்லே தேவைப்படவில்லை, மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தால் ஆமாம். எது தாய், எது பிள்ளை, யார் யாரிடம் இரவல் வாங்கியது என்று தோண்டத் தோண்டக் கிணறு ஆழமானதே தவிரத் தண்ணீர் வரவில்லை. கடைசியில் உபநிடதம் ஒன்றில் ‘ஓம்’ என்பது சம்மதத்தின் எழுத்து என்று கண்டுபிடித்துத் துள்ளிக் குதித்தார்.

பக்கத்து மேசை யோகராணி நிமிர்ந்து பார்த்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. “இதுக்கு உபநிடதம் வரைக்கும் ஏன் ஐயா போறியள்? எங்கட அம்மா மீன்காரனுக்கே ‘ஓம்’ எண்டுதான் சொல்லுவா.”

“அதுக்குச் சான்று வேணுமே, யோகம்.”

“மீன்காரனைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?”

விசாரணையன்று அவர் சுருக்கமாகவே பேசினார். பேசும் தெம்பு அவ்வளவுதான் இருந்தது.

“பூர்வீகம் கிடைக்கலை. வாயைத் திறக்காமலே சொல்லக்கூடிய சொல் இது. பால் குடிக்கிற குழந்தைகூடச் சொல்லிடும். அதனால எல்லா ஊர்லயும் தனித்தனியா முளைச்சிருக்கலாம். ஆனா பொருள் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். ‘நான் இங்கேதான் இருக்கேன், கேட்டுக்கிட்டு இருக்கேன், மேல சொல்லு.’ ஒரு மனுஷன் இன்னொருத்தனுக்குத் தரக்கூடிய ஒரே கேட்புச் சான்று, இந்த ஒத்தை எழுத்து.”

விசாரணைக் குழு ஆடிப்போய்விட்டது. ‘ம்’ தப்பித்தது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எந்தக் குழுதான் அதோடு நின்றிருக்கிறது? அவ்வளவு மதிப்புள்ள சான்றைக் கருவி கொடுப்பது மோசடியல்லவா? உம்கொட்டிகள் அன்றே தடை செய்யப்பட்டன. இனி ‘ம்’ இல்லாத விடுபேச்சு எதுவானாலும் ‘கேட்கப்படவில்லை’ என்று முத்திரை குத்தித் திருப்பப்படும். விதியை எழுதும் பொறுப்பு, வேறு யாருக்கு, சங்கரநயினாருக்கே. அவர் உட்கார்ந்து எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

அந்த வாரம் அக்காவின் பேச்சை, ஏழு வருடத்தில் முதல் தடவையாக, அவரே கேட்க உட்கார்ந்தார். தேநீர் ஒரு கையில். முருங்கை காய்த்தது. ‘ம்.’ பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டுகிறான். ‘ம்.’ இது ஒன்றும் அப்படிக் கஷ்டமில்லையே என்று நினைத்தார்.

“வர்ற பங்குனி வந்தா அத்தானுக்கு மூணு வருசம் திதி. அய்யரு இப்பவே நாள் குறிச்சுட்டாரு.”

இடைவெளி ஓடியது. சங்கரநயினாரின் வாய் திறந்தபடியே இருந்தது. அத்தான் செத்துப்போனது அவருக்குத் தெரியாது.

பழைய பதிவுகளைத் தோண்டினார். கிடைத்தது.

“தம்பி, அத்தான் போயிட்டாக.”

“ம்,” என்றது அவர் குரல், இரக்கமாக.

“காப்பி கேட்டாக. போட்டுக் கொண்டாரதுக்குள்ள…”

“ம்.”

“நீ ஏதாச்சும் சொல்லுவேன்னு பாத்தேன்லே.”

“ம்.”

அடுத்த வாரத்துப் பதிவையும் போட்டார். அக்காவின் குரல் தேறியிருந்தது. “நீ அனுப்புனத நாலு வாட்டி கேட்டேன் நயினா. பாவம், உனக்கு வாயே எழும்பல. அந்த மூணாவது ‘ம்’ல எம்புட்டுத் துக்கத்த வச்சிருந்தே. எனக்கு வெளங்குச்சு. ஒப்பாரி வைக்க வந்த ஒருத்தரும் அப்படிச் சொல்லல.”

அதற்கும் உம்கொட்டி ‘ம்’ சொல்லியிருந்தது.

இரண்டு நாள் அவர் அலுவலகம் போகவில்லை. மூன்றாம் நாள் பதிவுக் கருவியின் முன்னால் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவுக்கு ஒரு விடுபேச்சு பேசினார். நாற்பது நிமிடம். எதையும் மறைக்கவில்லை. கருவி வாங்கியதைச் சொன்னார். அந்த மூன்றாவது ‘ம்’மைச் சொன்னது யார் என்பதையும் சொன்னார். அதைச் சொன்னால் அக்காவிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆறுதலும் போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னார். நடுவே முப்பத்தொரு இடம் விட்டார். அக்கா ஒரே நாளில் பதில் அனுப்பிவிடுவாள் என்று நினைத்தார்.

ஐந்து நாளாயிற்று. ஆறாம் நாள், அவர் அலுவலகத்தில் இருக்கும்போது பேச்சு திரும்பி வந்தது, சிவப்பு முத்திரையோடு.

‘தங்கள் பேச்சு கேட்கப்படவில்லை. ‘ம்’களின் எண்ணிக்கை: 0.’ அதன் கீழே, விதியை வரைந்தவர் என்று அவருடைய கையெழுத்து, கொஞ்சம்கூடப் பிசிறில்லாமல்.

பாவி, உனக்கு வேண்டியதுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இருந்தாலும் போட்டுக் கேட்டார்.

முதல் இடைவெளியில் குக்கர் விசில் அடிக்கத் தொடங்கியது. அடித்து முடிப்பதற்குள் யாரோ அடுப்பை அணைத்தார்கள். இரண்டாவதில் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டுக் கிட்டே வந்தது. அப்புறம் மின்விசிறி. பிறகு அதுவும் நின்றது, சத்தமாக இருக்கிறது என்று நிறுத்தியிருப்பாள். கருவியைப் பற்றிச் சொன்ன இடத்தில் ஒன்றுமே இல்லை. மூன்றாவது ‘ம்’மைப் பற்றிச் சொன்ன இடத்தில் ஒரு மூச்சு, உள்ளே போனது, வெளியே வர நேரம் பிடித்தது. அதற்குப் பின் எல்லா இடைவெளியிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம். கடைசி இடைவெளியில்தான் குரல் வந்தது.

“ஏலே… ‘ம்’ போட மறந்தே போச்சுலே. கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்.” பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “கூறுகெட்டவனே. சாப்பிட்டியா?”

பதிவு முடிந்ததும் திரை கேட்டது: ‘உங்கள் உறவினர் கேட்கவில்லை. அவருக்கு எச்சரிக்கை அனுப்பலாமா?’

சங்கரநயினார் வேண்டாம் என்பதை அழுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யோகராணி அந்தப் பக்கமாக வந்தாள். “என்ன ஐயா, அக்காட்ட இருந்து பதில் வந்ததோ?”

“வந்துச்சும்மா. இப்பத்தான் கேட்டேன். என் அத்தான் செத்து மூணு வருஷமாகுது யோகம். எனக்குத் தெரியவே தெரியாது.”

கையிலிருந்த திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ம்,” என்று சொல்லிக்கொண்டே அவள் கடந்துபோனாள்.