நடுப்பகல் மணிக்கு நிற்பவர்கள்

அறுபதுகளின் நடுவில், சோளகக் காற்று வீசத் தொடங்கிய ஒரு காலையில், உப்புக்குளத்து ஜவாஹிர் தன் பெரிய கமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மன்னார்க் கடைத்தெருவிலிருந்த பழைய உப்புக் கிட்டங்கியின் மேல்மாடிக்கு ஏறினான். கிட்டங்கி பாவனையில்லாமல் கிடந்தது. பழஞ்சாக்கின் நெடியும் வௌவால் நெடியும் படியிலேயே முகத்தில் அடித்தன. சுவர்கள் வியர்த்திருந்தன. சுவர் குடித்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் மழையே இல்லாத நாளிலும் அந்தச் சுவரில் கை வைத்தால் கை நனையும். காரணம் தெரிந்திருந்தும் ஜவாஹிர் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

மாடி விறாந்தையில் நின்றால் கடைத்தெரு முழுவதும் காலடியில் விரிந்தது. நேர் எதிரே யோசேப்பின் தையல் கடை. யோசேப் மனைவியை இழந்தவர். மார்த்தா காய்ச்சலில் போய் ஒரு மாரி கழிந்திருந்தது. ஆறு வயது மகள் கிறேஸ், கடை வாசலில் வெட்டுத்துணிகளோடு விளையாடிக்கொண்டிருப்பாள். ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. ஜவாஹிரின் ஸ்ரூடியோ அதற்குப் பக்கத்துக் கடையென்பதால், பாதி நாள் அவள் அங்கேயும் பாதி நாள் இங்கேயும் ஓடித்திரிந்தாள்.

கலியாணப் படமும் கடவுச்சீட்டுப் படமும் பிடித்து ஜவாஹிருக்கு அலுத்திருந்தது. கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் அவன் தடித்த படப்புத்தகம் ஒன்றை வாங்கியிருந்தான். பெரிய நகரங்களைப் பெரிய கைகள் பிடித்த படங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருந்தது. ஒருவர் காலைச் சாய்வெயிலில் நிழலை மட்டுமே பிடித்திருந்தார். ஜவாஹிர் விடியலில் கோட்டை மதிலடிக்குப் போய் அதைப் பழகினான். இன்னொருவர் மழையில் நனைந்த தெருவில் விளக்குகள் மினுங்குவதைப் பிடித்திருந்தார். மன்னாரில் மழைக்கு எங்கே போவது? வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளித் தெருவில் ஊற்றினான். கமராவைச் சரிசெய்து நிமிர்வதற்குள் கழுதைகள் வந்து அதைக் குடித்துக்கொண்டு நின்றன. யோசேப் அதை ஒரு கிழமையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மூன்றாமவருடைய படங்கள்தான் ஜவாஹிரை உறங்கவிடவில்லை. பட்டப்பகல், பெரிய நகரம், கடைகள் எல்லாம் திறந்திருக்கின்றன. தெருவில் ஒரு ஆள் இல்லை.

அது எப்படி என்று அவன் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தான். லென்ஸின் துவாரத்தை ஊசிமுனையளவுக்குச் சுருக்கி, அதன் முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை வைத்தால், நடுவெயிலிலும் ஒளி துளித்துளியாகத்தான் உள்ளே போகும். கமராவுக்குள் இருக்கும் கண்ணாடித் தகட்டில் ஒளி நிறைய, நிமிடக் கணக்கில் லென்ஸ் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். சுவர் அசையாது, அதன் ஒளி ஒரே இடத்தில் படிந்து படிந்து சுவராகிவிடும். நடந்துபோகிறவன் எந்த இடத்திலும் தங்குவதில்லை. அவனுடைய ஒளி தெருநீளத்துக்குத் தெளிக்கப்பட்டு ஒன்றுமில்லாமல் போகும். ஆயிரம் பேர் நடந்த தெரு, தகட்டில் வெறிச்சோடிக் கிடக்கும்.

"மன்னாரில சனமே இல்லையெண்டு கொழும்பானுக்குக் காட்டப் போறியளோ, நானா?" என்று யோசேப் கீழேயிருந்து கேட்டார். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஜவாஹிர் நடுப்பகலைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு வசதி காரணம். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால், கத்தோலிக்கச் சனம் நின்ற இடத்திலேயே நின்று, தலைகுனிந்து, திரிகால செபம் சொல்லும். செபம் முடிய எடுக்கும் நேரமும் அவனுடைய தகடு நிறைய எடுக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. முதல் மணிக்கு மூடியைத் திறப்பான். நின்றவர்கள் நடக்கத் தொடங்கியதும் மூடுவான். மூடிவிட்டுத் தொழுகைக்குப் போவான். நிற்கிறவர்கள் படத்தில் விழுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அது படத்துக்கு அழகாகத்தான் இருக்கும் என்று நினைத்தான்.

முதல் தகட்டை அன்று பின்னேரம் கழுவி, படம் போட்டான். நினைத்தபடியே வந்திருந்தது. வண்டில்கள் இல்லை, சைக்கிள்கள் இல்லை, இரைச்சலே இல்லாத தெரு. அதற்குள் கழுதைகள் இரண்டு. தந்திக் கந்தோர் பியோன் யாகப்பர், தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி. ஒரு மீன்காரப் பெண், கூடையோடு. தன் வாசலில் யோசேப்.

விளக்குக் கம்பத்தின் அருகே இன்னொரு பெண்.

வலைபோன்ற வெள்ளை நெற் துணியில் முக்காடு. முகம் குனிந்திருந்தது. அவன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டு நின்றவன். கம்பத்தடியில் ஒருவரும் நின்றதாக நினைவில்லை.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தான். மனிதன் எவ்வளவு அசையாமல் நின்றாலும் மூச்சு விடுவான், கால் மாற்றுவான். நிமிடக் கணக்கான படத்தில் அவனுடைய விளிம்புகள் சற்றுக் கரைந்துதான் இருக்கும். யாகப்பர் கரைந்திருந்தார். யோசேப் கரைந்திருந்தார். கழுதைகளின் காதுகளும் கரைந்திருந்தன. அந்தப் பெண் மட்டும் பக்கத்திலிருந்த இரும்புக் கம்பத்தைப் போலக் கூர்மையாக இருந்தாள். சோளகம் வீசிய தெருவில் அவளுடைய நெற்றின் ஒவ்வொரு இழையையும் எண்ணலாம்போல் இருந்தது.

அவள் மூச்சு விட்டிருக்கவில்லை.

யோசேப்பிடம் அதைச் சொல்லாமல் படத்தை மட்டும் கொடுத்தான். யோசேப் முதலில் தன் வயிற்றைப் பார்த்துப் பகிடி விட்டார். பிறகு பூதக்கண்ணாடி கம்பத்தடிக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"இந்த நெற்றின்ர ஓரம் நான் தைச்சது," என்றார் கடைசியில், மெதுவாக. "சவப்பெட்டி வந்து முத்தத்தில இருக்குது. கை நடுங்கிச்சு. ரெண்டு இடத்தில நூல் பாய்ஞ்சு போச்சுது. பாருங்கோ, நானா."

ஜவாஹிர் பார்த்தான். இரண்டு இடத்தில் நூல் பாய்ந்திருந்தது.

பயந்தது ஜவாஹிர்தான். யோசேப் பயப்படவில்லை. அதுதான் ஜவாஹிரை இன்னும் அலைக்கழித்தது. காலையில் கடை திறக்க வரும்போதே யோசேப் இன்னொரு தகடு இருக்கிறதா என்று விசாரித்தார். போதும் என்று ஜவாஹிர் சொல்லிப் பார்த்தான். மார்த்தாவோடு ஒரு படம்கூட எடுக்கவில்லை, கலியாணத்துக்கும் எடுக்கவில்லை, பிள்ளை பிறந்து ஞானஸ்நானத்துக்கும் எடுக்கவில்லை, பக்கத்துக் கடையிலேயே படக்காரன் இருக்கிறான் நாளைக்கு எடுப்போம் என்று விட்டதெல்லாம் போயே போய்விட்டது என்று யோசேப் சொன்னார். ஜவாஹிர் மறுபடி முக்காலியைத் தூக்கினான்.

இரண்டாம் தகட்டில் அவள் கம்பத்தை விட்டுத் தெருவின் நடுவுக்கு வந்திருந்தாள். அடுத்ததில் தையல் கடைக்கு இப்பால். எப்போதும் அதே குனிந்த தலை, அதே கூர்மை. ஜவாஹிருக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஸ்ரூடியோவில் கதிரையில் இருந்தால் எழும்பினான், எழும்பினால் நடந்தான். அசையாமல் நிற்பதே அவனுக்குப் பிடிக்காமல் போயிற்று. படம் எடுக்க வந்தவர்களைப் பார்த்து, அசையாதேங்கோ என்று சொல்லப்போய் நாக்கு ஒட்டிக்கொண்டது.

நாலாவது படத்தில் அவள் கடை வாசலில் நின்றாள். வலக்கை சற்றுத் தாழ்ந்து முன்னால் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பிடித்திருந்தன. அந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அது ஒரு சின்னப் பிள்ளையின் கை இருக்கும் உயரம்.

அந்த நேரம் கிறேஸ் வாசலில் துணிகளோடு ஓடித்திரிந்தாள் என்பது ஜவாஹிருக்கு நினைவு வந்தது. ஓடுகிற பிள்ளை தகட்டில் விழாது.

அதை அவன் யோசேப்புக்குச் சொன்னான். எச்சரிக்கையாகத்தான் சொன்னான். யோசேப்பின் காதில் அது வேறுமாதிரி விழுந்தது. அன்று பின்னேரமே பிள்ளைக்குத் திரிகால செபம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். மணி அடித்தால் ஆடக்கூடாது, கால் மாற்றக்கூடாது, தலை குனிந்து நிற்கவேண்டும், அம்மா பக்கத்தில் வந்து நிற்பா. வேறு எந்தத் தகப்பனும் பிள்ளையைப் பூசைக்குப் பழக்குகிறமாதிரித்தான் அவரும் பழக்கினார்.

பிறகு மாடிக்கு ஏறிவந்து ஜவாஹிரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு படம், நானா. மூண்டு பேரும் ஒண்டில. அதுக்குப் பிறகு நான் கேக்கமாட்டன்."

ஜவாஹிர் ஓம் என்றான். யோசேப்பின் முகத்துக்காக ஓம் என்றான். தகட்டில் என்ன விழும் என்று பார்க்கிற ஆசையும் அதற்குள் இருந்தது.

அடுத்த நாள் மணி அடித்தது. மூடியைத் திறந்தான்.

தெருவில் பாதிச் சனம் நின்றது. மீதிச் சனம் அதற்குள்ளால் நடந்துகொண்டே இருந்தது. வாசலில் யோசேப் கைகூப்பி நின்றார். பக்கத்தில் கிறேஸ், மஞ்சள் சட்டையோடு, தலைகுனிந்து. அவ்வளவு நேரம் அந்தப் பிள்ளை நின்று ஜவாஹிர் கண்டதே இல்லை.

அவளுடைய இடக்கை மெல்ல உயர்ந்தது. யாரோ பிடித்துத் தூக்கியதுபோல, தோள் ஒருபக்கம் சரிய, கை மேலே நின்றது.

செபம் முடிந்தது. யாகப்பர் தொப்பியைப் போட்டார். மீன்காரப் பெண் கூடையைத் தூக்கினாள். யோசேப் சிலுவை போட்டுவிட்டுத் திரும்பினார்.

கிறேஸ் அசையவில்லை.

யோசேப் குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார். தோளைத் தொட்டார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பிள்ளை நிலத்தில் அறைந்த முளைபோல நின்றாள். சோளகம் தெருப்புழுதியை வாரிக்கொண்டு போயிற்று. யோசேப்பின் சேட்டு படபடத்தது. வாசலில் தொங்கிய துணிகள் ஆடின.

மஞ்சள் சட்டையின் ஓரம் ஆடவில்லை.

"நானா," என்று யோசேப் மேலே பார்த்தார். "பிள்ளை மூச்சு விடேல்லை."

ஜவாஹிர் படிப்பக்கம் ஓடினான். பாதிப் படியில் கை கனத்தது. பார்த்தான். லென்ஸின் மூடி.

மூடியைப் போடவில்லை. கீழே எல்லோருக்கும் செபம் முடிந்துவிட்டது. தகட்டுக்கு முடியவில்லை. லென்ஸ் திறந்திருக்கும்வரை, நின்றது நின்றதுதான். ஒளி படிந்துகொண்டே இருக்கும்.

திரும்பி ஏறினான். உப்புச் சுவரில் கை வழுக்கியது. முழங்கால் அடிபட விழுந்து எழுந்து மூடியை லென்ஸில் அறைந்தான்.

கீழே பிள்ளை, நீரிலிருந்து எழும்பியதுபோல இழுத்து ஒரு மூச்சு விட்டாள். பிறகு அழுதாள். அவளுடைய விரல்கள் வெளிறி, ஐஸில் வைத்த மீனைப்போலக் குளிர்ந்திருந்தன.

அந்தத் தகட்டை ஜவாஹிர் கழுவவில்லை. கழுவாத தகட்டில் வெயில் பட்டால் அதிலிருப்பதெல்லாம் கருகி அழிந்துபோகும். அதை வெட்டவெளிக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தான். யோசேப் பக்கத்தில் நின்று, அது மங்கி மங்கி இருளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழமையே கடையைப் பூட்டிவிட்டு, மகளோடு வெள்ளாங்குளத்துக்குத் தங்கை எடித்தின் வீட்டுக்குப் போய்விட்டார். வயலோரத்து வீடு. எந்தக் கோயில் மணியும் அங்கே எட்டாது. அதற்காகத்தான் அந்த வீடு.

அடுத்த சோளகத்தில் ஜவாஹிர் அந்தப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனவன், கமராவைக் கலியாண வீட்டிலேயே வைத்துவிட்டு அவர்களைப் பார்க்க நடந்தான். யோசேப் மெலிந்திருந்தார். ஆனால் முகம் தெளிந்திருந்தது. மாமரத்தின் கீழ்க் கதிரை போட்டு, கிட்டங்கியை யார் எடுத்தது, யாகப்பர் ஓய்வு பெற்றாரா என்றெல்லாம் விசாரித்தார். கிறேஸ் எடித்தின் பிள்ளைகளோடு முற்றத்தில் ஓடிப்பிடித்து விளையாடினாள். வளர்ந்திருந்தாள். எடித் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். ஜவாஹிருக்கு நெடுநாளைக்குப் பிறகு ஒரு கதிரையில் இருக்க முடிந்தது.

நிழல் மரத்தடிக்குச் சுருங்கியது. ஓடிக்கொண்டிருந்த கிறேஸ், ஓட்டத்தின் நடுவிலேயே நின்றாள்.

மணி இல்லை. காற்று மட்டும்தான்.

அவளுடைய இடக்கை மெல்ல மேலே போயிற்று.

மற்றப் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு விளையாட்டைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு அது புதிதில்லை. "இந்த நேரத்துக்கு அவள் செபம் சொல்லுவாள்," என்றாள் எடித், கோப்பையை எடுத்துக்கொண்டு. "நல்ல பழக்கந்தானே. அண்ணையும் போவார்."

ஜவாஹிர் திரும்பினான்.

யோசேப் கதிரையிலிருந்து எழும்பியிருந்தார். ஜவாஹிரைப் பார்த்துச் சிரித்தார்; கொஞ்சம் வெட்கப்பட்ட சிரிப்பு. முற்றத்துக்குப் போய் மகளின் வலப்பக்கம் நின்று, அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தார்.

சோளகம் பெலத்தது. கொடியில் காயப்போட்ட சீலைகள் இரைந்தன. கோழிகளின் இறகுகள் கலைந்தன. கிறேஸின் சட்டை ஆடவில்லை. யோசேப்பின் சாரமும் ஆடவில்லை. ஜவாஹிர் தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்க, அவர்களைப் பார்த்தபடியே நின்றான்.

வயல்வெளியிலிருந்து எழும்பிய புழுதி முற்றத்தைத் தாண்டிச் சுவராக வந்தது. பிள்ளையின் இடப்பக்கம், ஒருவரும் நிற்காத அந்த இடத்தில், அது இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போயிற்று.