டிவியில் அவள் பெயர்

மகள் நிவேதா எழுந்ததும் கார்ட்டூன் போடலாமென்று, மஞ்சு போனில் அறை டிவியைத் தேடினாள். லாட்ஜ் வைஃபையில் இருந்த டிவிகளும் போன்களும் பெயரோடு வரிசையாக வந்தன. அவள் அறை டிவிக்கு ‘மஞ்சு’ என்றே பெயர். அதற்குக் கீழே, ‘வீரபாகு போன்’.

அவள் புருஷன். அவள் கையை முறித்தவன். உன்னைத் தீர்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவேன் என்றவன். குற்றாலத்து சீசன் கூட்டத்தில் யார் தேடுவான் என்று தென்காசியிலிருந்து இங்கே வந்து ஒளிந்திருந்தாள். பெரிய சாமர்த்தியந்தான்.

இன்டர்காம் வேலை செய்யவில்லை. பிள்ளையைத் தூக்கினால் அழும், சத்தம் வெளியே கேட்கும். கதவைச் சும்மா சாத்திவிட்டு, சாரலில் நனைந்த துண்டுகள் சொட்டுகிற, எண்ணெய்க் குளியல் வாசமும் ஊறின சுவர் வாசமும் அடிக்கிற வராந்தாவைத் தாண்டி, படியிறங்கி ரிசப்ஷனுக்கு ஓடினாள்.

“தம்பி, டிவில என் பேரை எடுங்க. இந்தத் தேடுத வசதியையே நிப்பாட்டுங்க.”

மேனேஜர் இசக்கிமணி தலை தூக்கவில்லை. “அது முடியாதுக்கா. ஒரு குடும்பம் நாலு ரூம் எடுக்கும். பேர் வச்சாத்தான் டிவி மாறாது. நிப்பாட்டுனா ரூம் ரூமா நாந்தான் ஓடணும்.”

“என் வீட்டுக்காரரு இங்கன வந்திருக்காரு தம்பி. கொன்னுருவாரு.”

“அவுகளா? மஞ்சுன்னு டிவி காட்டுதே, எந்த ரூம்னு இப்பந்தான் கேட்டாவ. சொல்லிட்டேன். சண்டைய விட்டுட்டுப் பேசித் தீத்துக்கிடுங்கக்கா.”

படியெல்லாம் ஈரம். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். கதவு சாத்தியபடியே இருந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தெய்வமே என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.

போனைப் பார்த்தாள். வரிசையில் வீரபாகு இல்லை.

போய்விட்டான்.

அழுகை வந்தது. தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அடக்கினாள். வெளியே அருவி இரைச்சல். அதற்குள் வேறொரு சத்தம், மெல்லிசாக, மூச்சு மாதிரி. பிள்ளையின் மூச்சுதான் என்று நினைத்தாள்.

கதவுக்குப் பக்கத்து டிவி தானாக எரிந்தது.

மூலையில் ‘வீரபாகு போன்’ என்று எழுத்து. படத்தில் இந்த அறை. கட்டிலில் பிள்ளை. கதவோரம் ஒரு பெண், தாழ்ப்பாளில் கை வைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு.

அவள் கையை எடுத்தாள். அந்தப் பெண்ணும் எடுத்தாள்.

பின்னால் இருப்பது பாத்ரூம் கதவு.

திரும்ப முடியவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். படத்தில் அவளுடைய முதுகு கொஞ்சங்கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது.